மிதிக்க வேண்டாம், நீவினால் போதும்

நான் காலால் பிறந்தவள். எல்லாக் குழந்தைகளும் தலையை முன்னே நீட்டிக்கொண்டு உலகத்தைப் பார்க்க வரும்போது, நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்கு அது பெரிய சங்கடம். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கோ அது ஓர் அதிர்ஷ்டமாகப் போய்விட்டது!

காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காலால் பிறந்தவர்கள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதன் புண்ணியத்தில் ஆறு வயதிலேயே நான் தெருவின் ஆஸ்தான வைத்தியராகிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஓர் அம்மாள் குப்புறப் படுத்திருப்பாள். "கண்ணு, ஒரு தபா மிரிச்சுட்டுப் போ!" என்று குரல் வரும். பையைக் கழற்றி வைத்துவிட்டு, வலது காலால் மூன்று மிதி, இடது காலால் மூன்று மிதி. கூலி ஒரு கமர்கட்டு. பாதிப் பேர் அப்போதே எழுந்து உட்கார்ந்து, "அப்பாடா!" என்பார்கள்.

என் நிரந்தர வாடிக்கை எதிர் வீட்டு அத்தை. சொந்த அத்தை அல்ல, தெருவுக்கே அத்தை. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக விற்றுவிட்டு, வெயில் ஏறியதும் திரும்புவாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு முதுகுவலி வந்தது. நான் மிதித்தேன். போகவில்லை. மறுநாளும் மிதித்தேன். மாலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது என்பாள். சோறு இறங்கவில்லை என்பாள். ரவிக்கை தளர்ந்துகொண்டே வந்தது. "கூடை தூக்குற உடம்பு, நோவாம என்னா செய்யும்?" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் இப்படியே நடந்தது. ஒருநாள் காலை அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள், கால்கள் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் காசநோய். எலும்பு ஒரு பக்கம் அரித்துப்போய்க் குழைந்திருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். கால் திரும்ப வந்தது. முதுகில் ஒரு கூன் மட்டும் மிச்சமாயிற்று. என் மிதியால்தான் அப்படியாயிற்றோ என்று நான் அழுத அழுகை எங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும். வெகுகாலம் கழித்து, பத்திரிகை வேலைக்கு வந்தபின், ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். "நோய் அதற்கு முன்பே அரித்துக்கொண்டிருந்தது, அம்மா. உங்கள் கால் அதை உண்டாக்கவில்லை. ஆனால் அந்த எலும்பின் மேல் ஒரு பூனைகூட நடந்திருக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கமர்கட்டு தின்பதில்லை.

இந்தக் கதையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற சில வாரங்களாகத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான் காதில் விழுகிறது: இடுப்பு. மருமகளுக்கு இடுப்பு. மாமியாருக்கு இடுப்பு. லாரி ஓட்டும் மாமாவுக்கும் இடுப்பு. ஒருத்தி பெல்ட் வாங்கிக் கட்டியிருக்கிறாள். ஒருத்தி ஸ்கேன் எடுத்துவிட்டு, "டிஸ்க் பிதுங்கியிருக்குதாம்" என்று முகம் வெளுத்துப் படுத்துவிட்டாள். இன்னொருத்தி யாரையோ வரவழைத்து, இடுப்பைப் படக்கென்று முறுக்கச் சொல்லி, ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. இவர்களில் யாருக்கும் இவ்வளவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல, டாக்டர்களுடையதும் அதுவே.

இடுப்புவலி ஏதோ நம் ஊருக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்காதீர்கள். 2020-ல் உலகத்தில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இந்த வலியால் அவதிப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பதின்மூன்று பேருக்கு ஒருவர்! அதில் சுமார் 90 சதவிகிதம் பேருக்கு எலும்பு ஒடிந்தோ, நோய் அரித்தோ வந்த வலி அல்ல. தசையும் நரம்பும் மூட்டும் சேர்ந்து முரண்டு பிடிக்கிற வலி. பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். என் கமர்கட்டு வைத்தியத்தின் ரகசியமும் அதுதான். எப்படியும் போகப்போகிற வலி. பேர் எனக்குக் கிடைத்தது!

ஆனால் மிச்சம் இருக்கிற அந்தச் சிலரில் ஒருத்தியாக எங்கள் அத்தை இருந்தாள். ஆகவே, யாருடைய முதுகிலும் கை வைப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். மாலையில் காய்ச்சல் வருகிறதா? காரணமில்லாமல் உடம்பு மெலிகிறதா? படுத்தாலும் தணியாமல் ராத்திரியெல்லாம் வலி குடைகிறதா? காலில் வலு குறைகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களின் வலி, வெகுநாள் ஸ்டிராய்டு மருந்து சாப்பிட்டவர்களின் வலி ஆகியவற்றுக்கும் இதே விதி. மாதவிலக்கு நின்று பல வருஷமான பெண்களின் எலும்பு உள்ளுக்குள் மெலிந்திருக்கும். அவர்களை மிதிக்கச் சொல்வது விபரீதம். சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலும், சேலையை மடித்து உட்காரும் இடம் மரத்துப்போனாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் இருக்கிற பெண்கள் அநேகம். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

முதுகெலும்புக் காசநோய் என்று கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அதற்கு நல்ல வைத்தியம் உண்டு. அதில் நம் சென்னைக்கே ஒரு பெருமையும் உண்டு. சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் ஒரு காரியம் செய்தார்கள். நுரையீரல் காசநோய்க்கு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் தாம்பரம் பக்கம் படுக்கையில் வைத்தார்கள். இன்னொரு பகுதியினரைச் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் குணமாயிற்று. 1959-ல் அந்த அறிக்கை வெளிவந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு முதுகெலும்புக் காசநோயிலும் சென்னையில் அறுவைச் சிகிச்சையையும், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான பத்து வருஷ அறிக்கையின்படி, நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். எங்கள் அத்தை கூடையை மறுபடி தொட்டதும் அந்த மாத்திரையின் தயவுதான். இந்த மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

படுக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. சாதாரண இடுப்புவலிக்கும் 'ஒரு வாரம் அசையாமல் படு' என்பதுதான் பழைய கட்டளை. அமெரிக்காவில் 1986-ல் இதைச் சோதித்தார்கள். இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள்; இரண்டு நாள்காரர்கள் வேலைக்குச் சீக்கிரம் திரும்பினார்கள், அவ்வளவுதான். 1995-ல் பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி படுத்தது. ஒரு பகுதி முதுகுப் பயிற்சி செய்தது. மூன்றாவது பகுதி வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தது. சீக்கிரம் தேறியது மூன்றாவது பகுதி! நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொன்னால், "படுக்க யார் விட்டார்கள்?" என்று சிரிப்பார்கள். உண்மைதான். ஆனால் படுக்காமல் இருப்பது வேறு. வலியோடு குடம் தூக்குவது வேறு.

ஸ்கேன் பார்த்து வெளுத்துப்போனவர்களுக்கும் ஒரு சமாசாரம். 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களில் 52 சதவிகிதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது! வலியில்லாதவர்களுக்கு! நரை விழுவதுபோல, முகத்தில் சுருக்கம் விழுவதுபோல டிஸ்க்கும் வயதாகிறது. நரைத்த தலைமயிரைக் கண்டு யாராவது தலைவலி என்று படுப்பார்களா? கால் மரத்து, வலு குறைந்து, டாக்டரே கேட்டு எடுத்த ஸ்கேன் வேறு விஷயம். தானாகப் போய் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துக்களைக் கூட்டிப் படித்துப் பயப்படுவது வீண்.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? வடசென்னையில் கொஞ்சம் நின்று பார்த்தாலே தெரியும். ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியே ஆண்களின் முதுகு போயிற்று. 1983-ல் கண்டெய்னர் முனையம் வந்தது. இரும்புப் பெட்டியை இயந்திரம் தூக்கிற்று. முதுகுவலி போயிற்றா? இல்லை! அது இடம் மாறி லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற லாரிக்காரர்களைக் கேளுங்கள். தூக்கிப் போன முதுகு, இப்போது உட்கார்ந்து போகிறது.

பெண்களின் சுமைக்கு மட்டும் எந்த இயந்திரமும் வரவில்லை. வீட்டு வாசலில் அடிபம்பு, பக்கத்தில் பிளாஸ்டிக் குடம். ஒரு குடத்தில் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 15 கிலோ. அதை எப்படித் தூக்குகிறோம்? இடது இடுப்பை வெளியே தள்ளி ஒரு திண்ணைபோல ஆக்கி, அதன்மேல் குடத்தை ஏற்றி, உடம்பை வலது பக்கம் சாய்த்து, மாடிப்படி ஏறுகிறோம். குடம் இடது பக்கம் இழுக்கிறது. விழாமல் பிடித்து நிறுத்துவது முதுகின் வலது பக்கத் தசைகள். இடுப்பின் பக்கவாட்டுத் தசையோ திண்ணையைத் தாங்கித் தாங்கி இறுகிப்போகிறது. தினம் எட்டுக் குடம், இருபது வருஷம். குடம் எப்போதும் ஒரே பக்கம். குடத்தை இறக்கிய கையோடு குழந்தையை ஏற்றிக்கொள்வதும் அதே பக்கம்! பிறகு, ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பின் ஓரம் குத்துகிறது என்று நாற்பத்தைந்து வயதில் சொன்னால் ஆச்சரியம் என்ன?

பெரிய குடத்தைக் கொஞ்சம் சிறியதாக மாற்றுங்கள். அல்லது இரண்டு கையிலும் இரண்டு சின்ன வாளி, சுமை சமமாகிவிடும். குடம்தான் வேண்டுமென்றால் ஒரு நடை இடது, ஒரு நடை வலது. பழக நாலு நாள் ஆகும். கொஞ்சம் தண்ணீரும் சிந்தும். பம்பு அடிக்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வைத்து முதுகை மட்டும் வளைத்து அடிக்காமல், ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலை இளக்கி, உடம்பின் பாரத்தால் அடியுங்கள். கை மாற்றி மாற்றி.

இனி வலி வந்துவிட்டவளுக்கு வருவோம். நம் சித்த வைத்தியத்தில் உடம்பைக் கையால் பக்குவப்படுத்துவதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! இந்த ஒன்பதில் மிதித்தல் இல்லை என்பதையும் கவனியுங்கள். வீட்டில் நாம் தொடக்கூடியவை பிடித்தல், அழுத்தல், அசைத்தல் இம்மூன்றும்தான்; அதுவும் மெதுவாக. முறுக்கலும் இழுத்தலும் மல்லாத்துதலும் முறையாகப் படித்தவர்களுக்கு உரியவை. 'படக்' என்று சத்தம் வந்தால்தான் எலும்பு இடத்தில் உட்கார்ந்தது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உண்டாகும் காற்றுக்குமிழியின் சத்தம். எலும்பு எங்கும் போகவுமில்லை, திரும்பி வரவுமில்லை.

முதலில் சூடு. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கலாம். கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்தும் கொடுக்கலாம். எதுவானாலும் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தோல் மரத்திருக்கலாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. பத்து நிமிஷம் போதும்.

பிறகு கிடப்பு. வலியுள்ளவளைப் பாயில் குப்புறப் படுக்கவிடுங்கள். வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. இடுப்பின் பள்ளம் அப்போதுதான் சமமாகும். குப்புறப் படுக்க முடியாத பருத்த உடம்பும், கர்ப்பிணியும் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் முக்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் தலையணை வைத்துக் கவிழ்ந்துகொள்ளலாம். நீவுகிறவளும் வசதியாக உட்கார வேண்டும். ஒருத்தியின் இடுப்பைச் சரிசெய்யப் போய் இன்னொருத்தியின் இடுப்பு போய்விடக் கூடாது!

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, வீட்டில் இருப்பதை லேசாகச் சூடு செய்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். கையை இடுப்பின் மேல் வைத்து முதலில் சும்மா இருங்கள். ஆமாம், சும்மா! அவள் நாலு தடவை மூச்சு விடட்டும். பயந்திருக்கும் தசை, வந்திருப்பது சிநேகக் கை என்று அறிந்துகொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் முதுகெலும்பின் இரு பக்கமும் வைத்து, இடுப்பிலிருந்து மேலே தோள்வரை நீவி, விலாப்பக்கமாகக் கீழே இறக்குங்கள். எலும்பின் மேல் அழுத்தாதீர்கள். பக்கத்துத் தசையின் மேல்தான் கை போக வேண்டும். பத்துத் தடவை. பின்பு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடுப்புக்குக் கீழே, பின்புறத்தின் மேற்பகுதியில் வட்டமாக அழுத்துங்கள். குடம் சுமந்தவளின் வலி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இறுகிய இடம் கிடைத்தால் நசுக்க வேண்டாம். கையை அங்கே வைத்துக் காத்திருங்கள்; அது தானே இளகுவது உங்கள் கைக்குத் தெரியும்.

எவ்வளவு அழுத்தலாம்? அவள் மூச்சுத்தான் தராசு. நீங்கள் நீவும்போது அவள் மூச்சை அடக்கினால் அழுத்தம் அதிகம். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் சரி. தூங்கிவிட்டால் இன்னும் உத்தமம். கால் மணி நேரம் போதும். காலில் வலி ஓடினாலோ மரத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு; அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கு வலி வந்தாலும் பிடித்துவிடும் கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்குரியவளுக்கு வலி வந்தால் பிடித்துவிட யாரும் இல்லை. கணவரைக் கேட்க இவளுக்குக் கூச்சம். கேட்டாலும் அவர், "டாக்டரிடம் போயேன்" என்பார். மாமியாரைக் கேட்க முடியுமா? பத்து வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். என்னைப்போல மிதிக்கச் சொல்லி அல்ல. உள்ளங்கையால் நீவச் சொல்லி. ஆண் பிள்ளையானாலும் கேளுங்கள். ஆண் பிள்ளையானால் அவசியம் கேளுங்கள்!

யாரும் கிடைக்காவிட்டால் உங்கள் உடம்பே உங்களுக்கு வைத்தியம் செய்துகொள்ளும். இதற்கு ஒரு சுவாரசியமான மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோஷே பெல்டன்கிரைஸ் என்பவர் 1904-ல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். படித்தது பொறியியலும் பௌதிகமும். பழகியது ஜூடோ மல்யுத்தம். முழங்கால் கெட்டுப்போனபோது, பலமாக அசைப்பதைவிட மிகச் சிறிதாக, மிக மெதுவாக, கவனித்து அசைத்தால் உடம்பு புதிய வழியைக் கற்றுக்கொள்கிறது என்று தம் உடம்பிலேயே கண்டுபிடித்தார். இஸ்ரேல் நாட்டுப் பிரதமர் பென் குரியனுக்கு நெடுநாள் முதுகுவலி. அவர் 1957-ல் இவரிடம் வந்து சேர்ந்தார். அதே வருஷம், எழுபது வயது தாண்டிய அந்தப் பிரதமர் கடற்கரை மணலில் தலைகீழாக நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்து பிரசித்தமாயிற்று! நம் காசிமேட்டுக் கடற்கரையில் யாரும் தலைகீழாக நிற்க வேண்டாம். அந்த முறையைச் சேர்ந்த ஓர் எளிய அசைவு போதும்.

பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதங்களைத் தரையில் வையுங்கள். இடுப்பெலும்பின் அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி தொப்புள் பக்கம், ஆறு மணி கால் பக்கம். இடுப்பைப் பன்னிரண்டு பக்கம் மெல்லச் சாயுங்கள். முதுகின் பள்ளம் பாயைத் தொடும். பிறகு ஆறு பக்கம். பள்ளம் கொஞ்சம் எழும்பும். உங்களால் எவ்வளவு முடியுமோ அதில் பாதிதான் செய்ய வேண்டும். இது முக்கியம். பத்துத் தடவை. பின்பு மூன்று மணி, ஒன்பது மணி. கடைசியில் இரண்டு முழங்காலையும் சேர்த்து, தென்னங்கீற்று ஆடுகிற மாதிரி இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். முடித்ததும் கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்துவிட்டேன். எழும்போது ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

பிள்ளை பெற்றவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள். இடுப்பில் வெந்நீர் இறைத்து ஊற்றுவது நல்ல வழக்கம்தான். அந்தச் சூடும், ஒருத்தி பக்கத்தில் நின்று தன்னைக் கவனிக்கிறாள் என்ற ஆறுதலும் பெரிய மருந்து. ஆனால் பொறுக்கும் சூட்டில் மட்டும். சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் ஆறும்வரை வயிற்றில் கையே வைக்கக் கூடாது. குளிக்கும் விஷயத்தையும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பிரசவமானவளுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், அதைத் தேய்க்கவே கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலில் அடைக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி உண்டு, மசாஜும் உண்டு. பெல்ட் வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மிளகாயின் சத்தைச் சேர்த்துச் செய்த பூச்சு மருந்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்! இதைப் படித்துவிட்டு யாரும் அம்மியில் மிளகாயை அரைத்து இடுப்பில் தடவிவிடாதீர்கள். அவர்கள் சொல்வது அளவு பார்த்துச் செய்த கடைமருந்து. வழிகாட்டியிலே மசாஜுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது வலியைத் தணிக்கும், தூக்கம் தரும். அதையே முழு வைத்தியமாக நம்பிவிட முடியாது. நடப்பதும் அசைவதும் கூடவே வேண்டும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது சுலபம். வடிவுடையம்மன் கோயில் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றிவந்தால் புண்ணியமும் ஆயிற்று, இடுப்புக்கும் ஆயிற்று.

ஆறு வாரமாகியும் வலி தணியாவிட்டால், இயன்முறை மருத்துவர் என்கிற பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வயதானவர்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி' என்றுதான் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரியல்லவா! இம்மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் இல்லை. வாசலைத் தாண்ட முடியாத முதியவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்ய ஏற்பாடு செய்தார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல். கூடையை மருமகளிடம் கொடுத்து வெகுநாளாயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும், "வா கண்ணு! வந்து ஒரு தபா மிரி" என்று சிரித்தாள். பிசியோதெரபிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி, கூன் விழுந்த முதுகைத் தொடாமல், இடுப்பின் இரு பக்கமும் எண்ணெய் தடவி மெல்ல நீவிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. புறப்படும்போது மருமகள் என் கையில் எதையோ திணித்தாள். பிரித்துப் பார்த்தால், கமர்கட்டு.

பஸ்ஸில் வரும்போது தின்றேன்.